யாருக்குக் கணக்கு வரும் என்று யார் சொல்வது?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தாயின் கேள்விக்கு இது பதில். அவர் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். அலுவலகத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மேலாளர் ஒருவர், "இந்தியர் வீட்டுப் பிள்ளை, கணக்கில் புலியாகத்தான் இருப்பான்" என்றாராம். அதே வாரம் பள்ளி வாசலில், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அக்கா, "நம்ம பிள்ளைங்களுக்கு வாய் இருக்கு, கணக்கெல்லாம் சீனப் பிள்ளைங்களுக்குத்தான்" என்றாராம். இரண்டில் எதை நம்புவது, மற்ற நாடுகளில் கணித மேதைகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள், தன் மகனிடம் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்.

நான் இருபத்தாறு வருடமாக இங்கே கணக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு பேச்சுகளையும் பார்ப்போம். இரண்டும் ஒரே மக்களைப் பற்றியவை. நியூஜெர்சியில் நாம் கணக்கில் புலி, சிங்கப்பூரில் நமக்குக் கணக்கு வராது. கடல் கடந்தால் மூளை மாறிவிடுமா? மூளை மாறவில்லை. எந்த ஊருக்கான பயணத்தில் யார் ஏறினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்கா 1965ல் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள், பொறியாளர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். அதாவது, பரீட்சையில் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். அவர்கள் பிள்ளைகளும் நன்றாகப் படித்தார்கள். அக்கம்பக்கத்தில் அவர்களை மட்டுமே பார்த்த அமெரிக்கர், இந்தியர் என்றாலே கணக்கு என்று முடிவு கட்டிவிட்டார். சிங்கப்பூர், மலாயா கதை வேறு. இங்கே நம்மவர்கள் கைதிகளாக வந்தார்கள், துறைமுகத்துக்கும் சாலை வேலைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலிகளாக வந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், அளவும் கோணமும் தெரியாத கை இதைக் கட்டியிருக்க முடியாதே என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கைகளுக்கு யாரும் மார்க் போடவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான், அதுவும் சில வருடங்கள்.

அந்தப் பின்தங்கல் தலைமுறை தலைமுறையாக நீண்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் இந்தியப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் நாட்டின் சராசரிக்குக் கீழே இருந்தது சமூகத்துக்கே பெரிய கவலையாக இருந்தது. 1991ல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டதற்கு இந்தக் கல்விக் கவலை முக்கியமான காரணம். பள்ளி வாசலில் நீங்கள் சந்தித்த அக்கா அந்தக் காலத்துப் பிள்ளையாக இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார். பார்த்ததற்குக் காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடினார்.

சீனப் பிள்ளைகளுக்குக் கணக்கு பிறவியிலேயே வரும் என்ற பேச்சுக்கும், ஏன், சிங்கப்பூர் என்றாலே கணக்கு என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். 1979ல் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு நம் கல்வியைப் பற்றிக் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால், பிள்ளைகள் பாதியிலேயே நின்றுபோவதும், படித்த பிள்ளைகளுக்கே எழுதப் படிக்கச் சரியாக வராததும்தான் அதில் இருக்கும். அன்றைக்கு யாரும் சிங்கப்பூரைக் கணக்கு நாடு என்று சொல்லவில்லை. 1980களில் பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்தும் வாக்கியக் கணக்கில் திணறிய பிள்ளைகளுக்காக, நீளக் கட்டம் போட்டுக் காட்டும் 'மாடல்' முறையைக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகனும் இப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருப்பான். 1995ல் நடந்த டிம்ஸ் என்ற உலக ஒப்பீட்டில் சிங்கப்பூர் முதலிடம். பல நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிடும் 2022 பீசா தேர்வில் நம் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கணக்குச் சராசரி 575, வளர்ந்த நாடுகளின் சராசரி 472. இன்றைக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'சிங்கப்பூர் கணக்கு' என்று பெயர் போட்டுப் புத்தகம் விற்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் ரத்தம் மாறியிருக்க முடியாது. பாடப்புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும்தான் மாறின.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. சராசரி உயர்வது வேறு, மேதை தோன்றுவது வேறு. நாற்பது வயதுக்குள் இருக்கும் கணித அறிஞர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936லிருந்து இருக்கிறது. 2022 வரை சிங்கப்பூரர் யாரும் அதை வாங்கவில்லை. பீசாவில் நமக்கு எவ்வளவோ கீழே இருக்கும் பிரான்ஸ் வாங்கிக் குவித்திருக்கிறது. பரீட்சையில் முதலிடம் வந்த நாடு மேதைகளின் நாடு என்று நினைத்தால் இந்தக் கணக்கு இடிக்கும்.

சரி, மேதைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஹங்கேரி. சின்ன நாடு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கணித அறிஞர்களில் வான் நாய்மன், எர்டிஷ், போயா, விஞ்ஞானிகளில் விக்னர், சிலார்ட், டெல்லர் என்று வரிசையாக வந்தார்கள். உலகமே வியந்து, இவர்கள் வேற்றுக்கிரகத்து ஆட்கள் என்று வேடிக்கையாகப் பேசியது. ஆனால் அங்கே 1894ல் என்ன நடந்தது என்று பாருங்கள். கியோர் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் டேனியல் அரனி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்குப் பத்திரிகை ஆரம்பித்தார். மாதாமாதம் கணக்குகள் வரும். பிள்ளைகள் விடை எழுதி அனுப்புவார்கள். நல்ல விடைகளை அனுப்பியவர் பெயர் அச்சில் வரும், நிறையச் சாதித்த பிள்ளைகளின் புகைப்படமும் வரும். அதே வருடம் பள்ளி முடித்தவர்களுக்குத் தேசியப் போட்டி ஒன்றும் தொடங்கியது. ஏதோ ஒரு சிற்றூரில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்ட பையனுக்கு, தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்பது தெரிந்தது. ஆசிரியர்களுக்கும் எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்திரிகையைப் பிறகு பல வருடம் நடத்திய லாஸ்லோ ராட்ஸ் என்பவர்தான் புடாபெஸ்ட் பள்ளியில் சிறுவன் வான் நாய்மனின் ஆசிரியர். இவனுக்கு நான் மட்டும் போதாது என்று புரிந்துகொண்டு, பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து சொல்லித்தர ஏற்பாடு செய்தார். அதே பள்ளியில் படித்த விக்னர் நோபல் பரிசு வாங்கிய பிறகும் தன் அறைச் சுவரில் ராட்ஸின் படத்தை மாட்டி வைத்திருந்தார்.

அதே ஹங்கேரி 1920ல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. நான் மேலே சொன்ன ஆறு பேருமே யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள். பலரும் நாட்டை விட்டுப் போனார்கள். வெளியே போய்ப் பெயர் வாங்கிய பிறகு அவர்கள் 'ஹங்கேரிய மேதைகள்' ஆனார்கள். நாடு தன் பிள்ளையை முதலில் தள்ளுவதும், உலகம் பாராட்டிய பிறகு தோளில் தூக்குவதும் நமக்கும் தெரிந்த கதைதான்.

இனத்துக்கு இனம் கணக்கு வேறு என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். 1933ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ் வகுப்பெடுக்க வந்தபோது மாணவர்கள் கூடி நின்று தடுத்தார்கள். அவர் யூதர். அதே வருடம் கணித அறிஞர் எம்மி நோதரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். லுட்விக் பீபர்பாக் என்ற கணித அறிஞர், அவரும் சாதாரண ஆள் இல்லை, ஜெர்மானியர் யோசிக்கும் விதம் வேறு, யூதர் யோசிக்கும் விதம் வேறு, மாணவர்கள் தடுத்தது நியாயம் என்று கூட்டத்தில் பேசினார். 1936ல் 'ஜெர்மானியக் கணிதம்' என்ற பெயரிலேயே பத்திரிகையும் நடத்தினார். உலகத்தின் கணிதத் தலைநகரமாக இருந்த கோட்டிங்கன் கொஞ்ச காலத்தில் காலியானது. 1934ல் 'நேச்சர்' பத்திரிகையில் பீபர்பாக்கின் பேச்சை எடுத்து வைத்துக் கண்டித்தவர் கேம்பிரிட்ஜின் ஜி. எச். ஹார்டி.

ஆம், நம் ராமானுஜனின் ஹார்டிதான். அந்தக் கண்டனத்துக்கு இருபத்தொரு வருடம் முன்பு, மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கும் குமாஸ்தா எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்.

ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள், வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார், இவ்வளவுதான் பலருக்குத் தெரிந்தது. நான் என் மாணவர்களுக்கு வேறு மாதிரி சொல்வேன். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த பையன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் 1905ல் அந்தத் தொகையை இழந்தான். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் மற்ற பாடங்களில் தோல்வி. பட்டம் கிடையாது, வேலை கிடையாது. 1910 வாக்கில் கணக்கு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய், துணை ஆட்சியர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். ராமஸ்வாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை 1907ல் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்தப் பையனை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்கிவிடக் கூடாது என்று நினைத்து வேலை தராமல், சென்னையில் இருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் வழியாகத்தான் நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் தன் கையிலிருந்து மாதாமாதம் பணம் கொடுத்தார். பிறகு, குமாஸ்தா வேலை கிடைத்த துறைமுகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். ராத்திரியில் ராமானுஜனும் அவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவது ராமானுஜனின் பழக்கம். முழங்கை கறுத்துப் போகும். வழி இல்லாமல் விடை மட்டும் நோட்டில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத்தான் பிறகு தெய்வ அருள் என்று சிலரும், நிரூபணம் தெரியாதவர் என்று சிலரும் சொன்னார்கள். காகிதம் வாங்கக் காசில்லை என்பது யாருக்கும் சட்டென்று தோன்றவில்லை.

1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார். உதவி கிடைக்கவில்லை. அவர்களும் அறிவாளிகள்தான். கடிதம் எழுதியது யார், எந்த ஊர், என்ன பட்டம் என்பதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்திருக்கலாம். ஹார்டி அன்று மாலை சக கணித அறிஞர் லிட்டில்வுட்டை அழைத்து, உட்கார்ந்து, ஒவ்வொரு சூத்திரமாகப் பார்த்தார். யார் எழுதியது என்பதை ஓரமாக வைத்துவிட்டு எழுதியதைப் பார்த்தார். திருக்கோவிலூரில் ராமஸ்வாமி ஐயர் செய்ததும் அதேதான், அதுவும் ஹார்டிக்கு இரண்டு வருடம் முன்னால். ஹார்டி பெயர் தெரிந்த அளவுக்கு ராமஸ்வாமி ஐயர் பெயர் நம் வீடுகளில் தெரியவில்லையே என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கீழைநாட்டு மர்ம ஞானத்தின் அவதாரம் என்று ராமானுஜனை மேற்கே சிலர் கொண்டாடியதையும் ஹார்டி ஏற்கவில்லை. எல்லா நல்ல கணித அறிஞர்களையும் போல அவரும் தெளிவாக யோசித்த மனிதர் என்று அழுத்திச் சொன்னார். இது நமக்கு முக்கியம். இந்தியர் என்றால் உள்ளுணர்வு, சீனர் என்றால் உழைப்பு, ஜெர்மானியர் என்றால் ஒழுங்கு என்று பங்கு பிரிப்பது கேட்கப் பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் மாடாக உழைத்த ஒருவரிடமிருந்து அவர் உழைப்பைப் பிடுங்கி அம்மனிடம் கொடுப்பது பாராட்டு ஆகாது. நாமகிரித் தாயாரை அவர் நம்பினார், அது அவர் பக்தி. நோட்டுகளில் இருப்பது அவர் கை.

இப்போது சீனா பக்கம் வாருங்கள். ஜியாங்சு மாநிலத்தில் ஜிந்தான் என்ற ஊர். 1910ல் பிறந்த ஹுவா லோகெங், பணமில்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் சின்னக் கடையில் உட்கார்ந்தார். டைபாய்டு வந்து ஒரு கால் ஊனமானது. 1930ல், ஒரு பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையில் தவறு இருக்கிறது என்று காட்டி அவர் எழுதியது ஷாங்காயில் அச்சானது. பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் சியோங் சிங்லாய் அதைப் படித்துவிட்டு, யார் இந்த ஹுவா, எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கடைப் பையன் என்று தெரிந்தது. பட்டம் இல்லாதவரை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்பதால் நூலக உதவியாளராக வரவழைத்தார். 1936ல் ஹுவா கேம்பிரிட்ஜ் போனார், நவீன சீனாவின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவரானார். ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டால் இது கும்பகோணத்துக் கதை. துறைமுகக் குமாஸ்தா, கடைப் பையன். இரண்டிலும் படிக்கத் தெரிந்த ஒரு கண் அந்தத் தாளின் மேல் பட்டது.

சீனப் பிள்ளைகளுக்குக் கணக்கு தானாக வரும் என்று என்னிடம் சொல்லும் பெற்றோரிடம் நான் ஹுவாவைப் பற்றிச் சொல்வேன். தானாக வந்திருந்தால் சியோங் சிங்லாய் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

அடுத்து, நம் வீடுகளில் மேதை என்றால் வேகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சகுந்தலா தேவி 1980ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கினார். அபாரமான திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் மனக்கணக்கு ஒரு கலை, கணிதம் இன்னொரு கலை. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்து 2007ல் கணிதத்தின் பெரிய விருதுகளில் ஒன்றான ஏபல் பரிசு வாங்கிய எஸ். ஆர். எஸ். வரதன் அரிதாக நடக்கும் நிகழ்வுகளின் சாத்தியத்தை எப்படி அளப்பது என்று கண்டுபிடித்தவர். அவரை யாரும் மேடையில் ஏற்றிப் பெருக்கச் சொன்னதில்லை. இங்கே என்னிடம் வரும் தமிழ்ப் பெற்றோரில் பத்தில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரிவதில்லை.

மெதுவாக யோசிப்பவர்களும் சிகரம் தொட்டிருக்கிறார்கள். 2014ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய முதல் பெண் ஈரானின் மரியம் மிர்சாகானி. நடுநிலைப் பள்ளி முதல் வருடத்தில் அவருக்குக் கணக்கு சுமார்தான். இவளுக்குத் திறமை இல்லை என்று அப்போதைய ஆசிரியர் நினைத்தது தன் நம்பிக்கையைக் குலைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் வேறு ஆசிரியர். 1994லும் 1995லும் அனைத்துலகக் கணித ஒலிம்பியாடில் தங்கம், இரண்டாம் முறை முழு மதிப்பெண். பேராசிரியரான பிறகும் தான் மெதுவாகத்தான் யோசிப்பதாகச் சொல்வார். பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்து மணிக்கணக்கில் படம் போடுவார். அம்மா ஓவியம் வரைகிறாள் என்று அவருடைய சின்ன மகள் சொல்வாளாம். 2022ல் பதக்கம் வாங்கிய ஜூன் ஹு கொரியாவில் வளர்ந்தவர். சிறுவயதில் தனக்குக் கணக்கு வராது என்றே நம்பினார். கவிதை எழுதப் பள்ளியை விட்டார். சோல் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், அங்கே வந்து வகுப்பெடுத்த ஜப்பானிய அறிஞர் ஹிரோனாகாவோடு மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்து பேசப்போய்த்தான் கணிதத்துக்குள் வந்தார். கொரியர் என்றால் பரீட்சை இயந்திரம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதில் இவரை எங்கே வைப்பது?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து வயதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி தங்கள் பாலைச் சேர்ந்தவர்களை 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்று காட்டினார்கள். ஆறு, ஏழு வயது வந்ததும் பெண் பிள்ளைகளிடம் அது குறைந்துவிட்டது. ஆறு வயது என்றால் இங்கே பாலர் பள்ளி. 1999ல் ஹார்வர்டில் நளினி அம்பாடி முதலானோர் செய்த இன்னொரு பரிசோதனை பிரபலமானது. ஆசியப் பெண்களுக்கு அவர்கள் ஆசியர் என்று ஞாபகப்படுத்திவிட்டுக் கணக்குக் கொடுத்தால் நன்றாகப் போட்டார்கள், பெண் என்று ஞாபகப்படுத்தினால் குறைந்தது. பின்னால் திரும்பச் செய்து பார்த்தபோது சில இடத்தில் அதே முடிவு வந்தது, சில இடத்தில் வரவில்லை. அதனால் அதன் மேல் பெரிய மாளிகை கட்ட நான் தயாரில்லை. ஆனால் "உனக்கு வராது" என்ற சொல் ஒரு பிள்ளையின் தோளை எப்படிக் கீழே இறக்கும் என்பதை நான் ஆய்வுக் கட்டுரையில் படிக்கத் தேவையில்லை. நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பல வருடத்துக்கு முன்பு ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வார இறுதியில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல் மேசை, பக்கத்தில் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள். தொடக்கநிலை நான்கில் ஒரு பெண். பாட்டியோடு வருவாள், பேசவே மாட்டாள், பயிற்சித்தாளை ஒருநாளும் முடிக்க மாட்டாள். பள்ளியில் கடைசி வரிசைக் குழுவில் போட்டிருந்தார்கள். ஒருநாள் அவள் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தாள். 20 பெருக்கல் 20, 400. 19 பெருக்கல் 21, 399. 18 பெருக்கல் 22, 396. 17 பெருக்கல் 23, 391. 16 பெருக்கல் 24, 384. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 400க்கு எவ்வளவு குறைகிறது என்று சின்ன எழுத்தில்: 1, 4, 9, 16. கீழே பெரிதாக ஒரு கேள்விக்குறி.

"சார், ஏன் எப்பவும் இந்த நம்பரே வருது?" என்று கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல முன்பக்கத்தை முடிம்மா" என்றேன். அவள் திருப்பி வைத்து முன்பக்கத்தைப் போட ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராமஸ்வாமி ஐயர் கதையை ஊருக்கெல்லாம் சொல்லும் ஆள், கண் முன்னால் நோட்டு வந்தபோது பேக்கரும் ஹாப்சனும் செய்ததைச் செய்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கட்டத்தாளும் கத்தரிக்கோலும் கொண்டுபோனேன். நல்ல வேளை, அவளும் வந்தாள். அந்த ஒரு மணி நேரமும் பயிற்சித்தாளை நாங்கள் தொடவில்லை. அவள் மேதையா என்றால், அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இன்று அவள் வேலை நாளெல்லாம் புள்ளிவிவரத்தோடு கழிகிறது.

இப்போது உங்கள் மகன். தொடக்கநிலை மூன்று என்பதால் மீத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான ஜிஇபி திட்டத்தின் தேர்வைப் பற்றிக் கட்டாயம் யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். 1984ல் தொடங்கிய அந்தத் திட்டம் வருடத்துக்கு ஒரு விழுக்காட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட சில பள்ளிகளில் சேர்த்தது. ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்ததுதான் அதன் முதல் சல்லடை. 1905ன் கும்பகோணத்துப் பையனை அந்தச் சல்லடையில் போட்டால் என்ன ஆகும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், அப்போது இருந்த வடிவத்தை நிறுத்தி, எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் கூடுதல் திறனுள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியர் தினமும் வகுப்பில் கவனிப்பதையும் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு இது மனசுக்கு நிறைவான செய்தி. ஆனால் முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியர் எத்தனை தாளின் பின்பக்கத்தைத் திருப்ப முடியும்? அந்த வேலையில் பாதி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். பள்ளி வாசல் அக்காவிடம் மட்டும், மகன் காதில் விழும்படி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்றை வெட்டி எடுங்கள். நூறு கட்டம். கீழ்வரிசை ஒன்றை வெட்டி, நிமிர்த்தி, பக்கவாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்பதுக்குப் பதினொன்று ஆகும், ஒரு கட்டம் கையில் மிஞ்சும். அடுத்து இன்னொரு சதுரத்தில் இரண்டு வரிசையை வெட்டச் சொல்லுங்கள். எட்டுக்குப் பன்னிரண்டு. மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். மூன்று வரிசை வெட்டினால் என்ன ஆகும் என்றுகூடக் கேட்காதீர்கள். கத்தரிக்கோலை மேசையிலேயே வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து போங்கள். திரும்பி வந்து பாருங்கள், அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று.